வாடைக்காலத்து முல்லைத்தீவுக் கடலில் விண்ட்சர்பிங்: காற்றின் பக்கம், கரையலை, சாமான்கள்

கேள்வி இதுதான்: சொந்த ஊர் முல்லைத்தீவு. வெளிநாட்டில் ஓர் ஏரியில் விண்ட்சர்பிங், அதாவது பாய் பூட்டிய பலகையில் நின்று காற்றால் ஓடுவது, பழகியவர். 12, 15 நொட் காற்றில் ஹார்னஸ் (பாயின் இழுவையை உடலில் தாங்கும் இடுப்புப்பட்டை) கொழுவி ஓடத் தெரியும். எடை 72 கிலோ. 130 லீற்றர் பலகையும் 6.5 சதுர மீற்றர் பாயும் ஊரில் இருக்கின்றன. காற்றும் அலையும் பலமான நாட்களில் நம் கரையில் இறங்கலாமா, இறங்குவதென்றால் எதை மாற்ற வேண்டும்?

இறங்கலாம். ஆனால் காற்று எத்தனை நொட் என்று பார்க்கும் முன் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் கரையில் உயிரோடு விளையாடுவது காற்றின் பலமல்ல, அதன் பக்கம்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அடிக்கும் சோளகமும் (தென்மேற்குக் காற்று) கச்சானும் (மேற்குக் காற்று) முல்லைத்தீவில் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அந்த நாட்களில் கரையில் நின்று பார்த்தால் ஆசை வரும். அலை இருக்காது, தண்ணீர் மட்டமாகக் கிடக்கும், சவுக்கும் பனையும் மறைப்பதால் காற்றும் அளவாகத்தான் தெரியும். சில நூறு மீற்றர் வெளியே போனதும் மரங்களின் மறைப்பு முடிந்து முழுக்காற்றும் பாயில் ஏறும். அங்கே பாய்மரத்தைப் பலகையோடு சேர்க்கும் அடி மூட்டு முறிந்தாலோ, கை சோர்ந்தாலோ, காற்று உங்களை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும். எஞ்சின் பூட்டிய வள்ளம் அந்தக் காற்றை வெட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடும். பலகையில் படுத்துக் கையால் வலித்து 20 நொட் எதிர்க்காற்றில் ஒருவரும் வந்து சேர முடியாது. எனவே சோளகத்தில் திறந்த கடல் வேண்டாம். எஞ்சின் வள்ளம் ஒன்று உங்களுக்காகவே ஆளோடு தண்ணீரில் நின்றால் மட்டும் யோசிக்கலாம். அந்த மாதங்களில் ஓடியே ஆக வேண்டுமென்றால் 100 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மன்னார்த் தீவின் தென்கரைக்குப் போங்கள். அங்கே அதே காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். தீவின் வடகரை, பேசாலைப் பக்கம், மறுபடி கரையைவிட்டு வெளியே தள்ளும் பக்கம். எதிரே சர்வதேச கடல் எல்லையும் இருக்கிறது.

நமக்குரிய காலம் வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக்காலம். அதிலும் எல்லா நாளும் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் தாழமுக்கங்கள் வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. தாழமுக்கக் காற்று பக்கம் மாறும், மழை இருட்டில் கரை தெரியாது. மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று நிலைத்து நிற்கும் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் நம்பி இறங்கக்கூடிய நாட்கள். நல்ல நாளில் 15 முதல் 20 நொட் கிடைக்கும். காற்று எழும்பும் நாட்களில் 25 தாண்டும். 1 நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். வானிலைத் திணைக்களம் கடல் அறிக்கையைக் கிலோமீற்றரில்தான் சொல்லும். காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரையான கடற்பகுதி என்று வரும் வரியைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் ஏறத்தாழ 22 நொட். 60 என்றால் 32 நொட்; அன்று வீட்டில் இருங்கள். காற்று செயலிகளில் சராசரியைவிட உச்ச வீச்சைக் கவனியுங்கள். இரண்டுக்கும் இடையில் 10 நொட்டுக்கு மேல் வித்தியாசமிருந்தால், அலையில் புதிதாய் இறங்குபவருக்கு அது கெட்ட நாள்.

இனி, கரையில் எந்த இடம். முல்லைத்தீவு நகரத்துக்கு வடக்கே சுண்டிக்குளம் வரையான கரை ஏறக்குறைய நேராக வடகிழக்கைப் பார்க்கிறது. வாடை அங்கே நெற்றிக்கு நேரே வரும். பாயால் நேரே காற்றுக்குள் போக முடியாது, 50 பாகையாவது விலகித்தான் ஓட வேண்டும். அதனால் வெளியே போக அலை உடையும் பட்டையைச் சாய்வாக வெட்ட வேண்டிவரும். அலைக்குள் நிற்கும் நேரம் ஒன்றரை மடங்காவது ஆகும். நகரத்துக்குத் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு என்று போகப் போகக் கரை கிழக்குப் பக்கம் திரும்புகிறது. காற்று வடக்கு-வடகிழக்காக நிற்கும் நாளில் அங்கே அது கரைக்குச் சரிவாக வரும். இடக்கை முன்னால், காற்று இடப்பக்கம் என்று நின்றால் கிட்டத்தட்ட நேராகவே வெளியே ஓடலாம். திரும்பும்போது வலக்கை முன்னால் வைத்துச் சுகமாகக் கரைக்கு வரலாம். இந்த ஒரு கோண வித்தியாசத்துக்காகவே தெற்குப் பக்கத்தைத் தெரிவுசெய்யச் சொல்வேன். முள்ளிவாய்க்கால் கரையை விளையாட்டுக்கென்று தெரிவுசெய்ய வேண்டாம். அது சனம் அஞ்சலிக்கு வரும் கரை.

வாடைக்காலத்தில் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து உங்களைத் தெற்கே நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் இழுக்கும். கரையில் ஒரு கட்டடத்தையோ தனி மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதைவிட வடக்கே நிற்கிறீர்களா என்று பாருங்கள். அந்தக் கணக்கில் தோற்கத் தொடங்கினால் கரையேறி நடந்து வாருங்கள். நாயாற்று முகத்துவாரத்தைக் கிட்ட வேண்டாம். மழைக்குப் பின் உள்ளிருந்து பாயும் வெள்ளம் வரும் அலையோடு மோதுமிடத்தில் அலை ஒழுங்கில்லாமல் எழும்பும். விழுந்தால் வெளியே இழுக்கும். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

சாமானுக்கு வருவோம். உங்கள் 6.5 பாய் 15 நொட்டுக்கு மேல் அலையில் பயன்படாது. பாயின் அளவைத் தோராயமாகக் கணிக்க ஒரு வழி உண்டு: உடல் எடையை 1.4 ஆல் பெருக்கிக் காற்றின் நொட்டால் வகுப்பது. 72 கிலோவுக்கு 20 நொட்டில் 5 சதுர மீற்றர், 25 நொட்டில் 4. காற்று கரைக்கு வரும்போது வெளியே போக இழுவை கூடுதலாக வேண்டும். ஆகவே கணக்கு சொல்வதைவிட அரை மீற்றர் பெரிதாக எடுங்கள். இரண்டே பாய் வாங்குவதென்றால் 5.3, 4.5. இரண்டையும் 400 சென்ரிமீற்றர் மெல்லிய விட்டப் பாய்மரம் ஒன்றிலேயே பெரும்பாலும் ஏற்றலாம். பாயில் அச்சடித்திருக்கும் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கரையலையில் மெல்லிய மரம்தான் தாங்கும்.

130 லீற்றர் பலகையைத் தூக்கி எறிய வேண்டாம், அது வாட்டர்ஸ்டார்ட் (தண்ணீரில் இருந்தபடியே காற்றால் எழும்பி ஏறுவது) பழக உதவும். ஆனால் 20 நொட்டில் அதன் அகலமும் வாலின் அடியில் பூட்டிய நீண்ட ஃபின்னும் (மீன்செட்டை போன்ற தகடு) சேர்ந்து பலகையின் ஒரு விளிம்பைத் தூக்கிவிடும். மூக்குக் காற்றில் ஏறும், கட்டுப்பாடு போகும். ஃபின்னை 30 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். வாங்கும்போது ஃபின்னைப் பூட்டும் பெட்டி எந்த வகை என்று பாருங்கள், ஒன்றுக்குரியது மற்றதில் ஏறாது. அலைக்கென்று எடுப்பதானால் 95 லீற்றர் ப்ரீவேவ் (அலைக்கும் வேக ஓட்டத்துக்கும் பொதுவான) பலகையும் 23 முதல் 25 சென்ரிமீற்றர் ஃபின்னும் உங்கள் எடைக்குச் சரி. 80 லீற்றருக்கு இப்போதே இறங்காதீர்கள். காற்று ஒரு நிமிடம் விழுந்தால் அது உங்களோடு சேர்ந்து தாழும், அடுத்த அலை தலையில்தான் உடையும்.

பாய் கட்டுவதில் நடக்கும் பெரும்பாலான பிழை ஒன்றுதான்: கீழ்நோக்கி இழுக்கும் டவுன்ஹோல் கயிறு போதாமை. கப்பியில் கோர்த்த கயிற்றை ஒரு தடிக்கட்டையில் சுற்றி, நிலத்தில் இருந்து, காலை மரத்தின் அடியில் உதைத்து இழுங்கள். மேலேயுள்ள இரண்டு பேட்டன்களுக்கு (பாயை விறைப்பாக்கும் கம்புகள்) இடையில் பாயின் பின்விளிம்பு தளர்ந்து ஆட வேண்டும். புதுப்பாய்களில் அது எதுவரை தளர வேண்டும் என்று குறியே இருக்கும். பார்க்கப் பாய் பழுதானதுபோல இருந்தாலும் அதுதான் சரி. காற்று வீச்சாக வரும்போது அந்தத் தளர்ந்த மேற்பகுதி திறந்து அதிகப்படியைக் கொட்டிவிடும். டவுன்ஹோல் போதாவிட்டால் பாயின் வயிறு பின்னே நகரும், பின்கை இழுபடும், ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னே தூக்கி எறியப்படுவீர்கள். அதற்குப் பிறகு பூமின் (கையால் பிடிக்கும் குறுக்குத் தடி) அவுட்ஹோலை, அதாவது பாயைப் பின்னோக்கி இழுக்கும் கயிற்றை, 2 சென்ரிமீற்றர் அளவு இழுத்தால் போதும். பூமின் உயரம் தோளுக்கும் நாடிக்கும் இடையில். ஹார்னஸ் கயிறு 28 அங்குலம் அல்லது 30 அங்குலம். கரையில் பாயைக் காற்றில் பிடித்துப் பூமை ஒரே கையால் தாங்கினால் எந்த இடத்தில் சமநிலை நிற்கிறதோ, அந்த இடத்தின் இரு பக்கமும் அவற்றைக் கட்டுங்கள்.

பூட்டும்போதே அடி மூட்டை மடித்துப் பாருங்கள். றப்பரில் மயிரளவு வெடிப்பு தெரிந்தாலும் அன்று அதைக் கொண்டு இறங்காதீர்கள். வன்னியில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. ஆகவே மூட்டு ஒன்று, ஃபின் ஒன்று, ஃபின் ஆணிகள், 4 மில்லிமீற்றர் டவுன்ஹோல் கயிறு 2 மீற்றர், பாய் ஒட்டும் டேப் ஆகியவற்றை மேலதிகமாக வாங்கி வாருங்கள். இரண்டு துண்டுப் பாய்மரத்தின் இணைப்பில் மண் புகுந்தால் பிறகு கழற்றவே முடியாது. பொருத்தும் முன் கழுவி, பொருத்திய இடத்தைச் சுற்றி மின்சார டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

கடலுக்கு முன் வேறொரு தகுதி வேண்டும். கயிற்றால் பாயைத் தூக்கி ஏறுவது 20 நொட்டிலும் அலையிலும் நடக்காது. தண்ணீரில் மிதந்தபடியே காற்றால் பாயைத் தூக்கவைத்து ஏறும் வாட்டர்ஸ்டார்ட் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வரும்வரை அலைக்கு வராதீர்கள். அதைப் பழகக் களப்புகள் நல்லவை. தை, மாசியில் நந்திக்கடலிலும் கொக்கிளாய்க் களப்பிலும் மழைநீர் நிறைந்திருக்கும். நெஞ்சளவுத் தண்ணீரில் பாயின் மரத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி, மேல்முனையைக் கொஞ்சம் தூக்கி, காற்றை உள்ளே நுழையவிட்டால் பாய் தானே எழும்பும். தூக்க முடியவில்லை என்றால் பலம் போதாமல் அல்ல, மரம் காற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்றுதான் பொருள். களப்பில் பாசி ஃபின்னைச் சுற்றும். இறால் வலைக்கு நட்ட தடிகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும். எங்கே தடி, எங்கே முதலை நடமாட்டம் என்று அங்கு தொழில் செய்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கரைப்பற்றைகளுக்குள் புதுப்பாதை போடாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அதை அப்படியே மதியுங்கள்.

இப்போது கரையலை. மரம் முறிவதும் தோள் விலகுவதும் வெளியே பெரிய அலையில் அல்ல, முழங்கால் தண்ணீரில். வாடைக்காலத்தில் நம் கரை சரிவு கூடியதாக இருக்கும். அலை கரைக்குக் கிட்ட வந்து ஒரேயடியாகக் குத்தி உடையும். முதலில் சாமானை நனையாத மண்ணில் வைத்துவிட்டு 10 நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். பெரிய அலைகள் சிலது சேர்ந்து வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அந்த அடக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

அளம்பில் பக்கத்தில் இறங்கும் முறை இப்படி. பலகையின் மூக்குக் கடலைப் பார்க்க, நீங்கள் அதன் இடப்பக்கம், அதாவது காற்று வரும் பக்கம் நிற்கிறீர்கள். ஒரு கை பூமின் முன்பகுதியில், மற்றக் கை பின் கால்பட்டியில். பலகை ஒருபோதும் கரைக்குச் சமாந்தரமாக நிற்கக் கூடாது. அப்படி நின்றால் அடுத்த அலை அதை அப்படியே தூக்கி உங்கள் முழங்காலில் எறியும். கடைசிப் பெரிய அலை உடைந்து வெள்ளை நுரை கரையேறும் நொடியில் நடக்கத் தொடங்குங்கள். நுரை வரும்போது பின் கால்பட்டியை அழுத்தி மூக்கைத் தூக்கி நுரைக்கு மேலே விடுங்கள். தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை காத்து நிற்க வேண்டாம், ஃபின் நிலத்தில் முட்டாத ஆழம் வந்தால் போதும். பின்காலைப் பலகையில் வைத்து, பாயை முன்னே நீட்டிப் பிடித்து, காற்று உங்களைத் தூக்க ஏறுங்கள். தயங்கி நிற்பதுதான் இங்கே பெரிய பிழை. ஏறியதும் முதல் இருபது மீற்றருக்கு ஹார்னஸ் கொழுவாதீர்கள், கால்பட்டி தேடாதீர்கள். வேகம்தான் வேண்டும்.

அடுத்த நுரைவரிசையை நேர்மூக்காகச் சந்தியுங்கள். அதற்கு முன் பலகையைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கி வேகம் எடுத்து, அலை முட்டும் நேரத்தில் முழங்காலை மடக்கி, பின்காலில் பாரம் வைத்து மூக்கை ஏறவிடுங்கள். காலை விறைப்பாக வைத்தால் பலகை நின்றுவிடும், உடல் மட்டும் பாயைத் தாண்டிப் பறக்கும். உடையாத அலையென்றால் பயமில்லை. ஏறி இறங்கும்போது பாயை இறுக்கியே வைத்திருங்கள்.

அலைப்பட்டைக்குள் விழுந்துவிட்டால் ஒரே விதி: சாமானுக்கும் கரைக்கும் இடையில் நிற்காதீர்கள். கடல் பக்கமாக நீந்தி, பாய்மரத்தின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலை உங்களைத் தாண்டிப் போகும்போது பாயும் பலகையும் உங்களுக்குப் பின்னால், கரைப்பக்கம் இழுபட்டுக் கிடக்கும். அலை பெரிதென்றால் கையை விடுங்கள். வாடை எப்படியும் சாமானைக் கரையில் சேர்க்கும். கரையில் பிள்ளைகள் நின்றால் மட்டும் சத்தம் போட்டு எச்சரியுங்கள்.

வெளியே போனபின் வரும் தொல்லை இரண்டு. முதலாவது, வீச்சில் முன்னே தூக்கி எறியப்படுவது. நிமிர்ந்து நின்று ஹார்னஸில் தொங்கினால் நடக்கும். இடுப்பைத் தாழ்த்தி, பின்னே இருந்து, முன்கையை நேராக வைத்தால் குறையும். எறியப்பட்டாலும் பூமை விடாதீர்கள். விட்டால்தான் பலகையின் மூக்கிலோ மரத்திலோ தலை மோதும். தலைக்கவசம் அதற்காகவே. இரண்டாவது, பலகையின் வால் திடீரென்று பக்கவாட்டில் வழுகுவது. பின்காலால் ஃபின்னை அளவுக்கு மிஞ்சித் தள்ளும்போது காற்று ஃபின்னோடு உறிஞ்சப்பட்டுப் பிடி போய்விடும். பாரத்தைப் பூமுக்கு மாற்றி, பின்காலை மடக்கிப் பலகையை உங்களுக்குக் கீழே இழுத்தால் மறுபடி பிடிக்கும். அடிக்கடி நடந்தால் ஃபின்னின் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள், மண்ணில் உரசிய வெட்டு இருக்கும். நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் மண்தாள்) தேய்த்தால் சரி.

கரைக்குத் திரும்பும்போது அலைக்கு முன்னால் ஓடாதீர்கள். ஓர் அலையின் முதுகில், அது உடைந்த பின்னால் வாருங்கள். ஃபின் மண்ணில் முட்டும் முன்பே, தொடையளவுத் தண்ணீரில் காற்று வரும் பக்கமாகக் குதித்து, பூமையும் பின் கால்பட்டியையும் பிடித்து நனையாத மண்வரை ஓடுங்கள். இரண்டடி தண்ணீரில் நின்று மூச்சு வாங்க நினைத்தால் அடுத்த அலை பாயை மண்ணில் குத்தும். மேல்முனை நிலத்தில் ஊன்ற, பலகை அலையோடு தள்ள, மரம் நடுவில் முறியும்.

வெளியே மூட்டு முறிந்தால் பலகையை விட்டுப் பிரியாதீர்கள், அதுதான் மிதவை. பாயைத் தண்ணீரில் படுக்கவிட்டால் அது நங்கூரம்போல நின்று நீங்கள் அடித்துச் செல்லப்படும் வேகத்தைக் குறைக்கும். வாடையில் மெதுவாகக் கரைக்கு வந்துவிடுவீர்கள். வள்ளம் தெரிந்தால் பலகையில் உட்கார்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். அது எல்லாக் கடலிலும் உதவி கேட்கும் அடையாளம். விசில், நீர்புகாப் பையில் தொலைபேசி, மிதவைச் சட்டை இருக்கட்டும். கரையில் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். காயத்துக்கு அம்புலன்ஸ் 1990.

இறங்கும் முன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கிட்டவுள்ள கடற்படை முகாமுக்கும் சொல்லிவிடுங்கள். சங்கத்தாரிடம் வலை எங்கே கொழுவும் என்று கேட்டால், தண்ணீருக்கு அடியில் இரும்பு கிடக்கும் இடமெல்லாம் தெரிந்துவிடும். வேறு எந்த வரைபடமும் அதைத் தராது. கரைவலை வளைத்திருந்தால் இழுத்து முடியும்வரை காத்திருங்கள். அந்தக் கயிற்றில் ஃபின் மாட்டினால் உங்கள் மூட்டும் போகும், அவர்களின் ஒரு நாள் உழைப்பும் போகும்.

பலகை அடிபட்டால் ஊரில் ஃபைபர் வள்ளம் திருத்துபவரிடம் கொண்டுபோகத் தோன்றும். அவர்களின் கைவேலை நல்லதுதான், ஆனால் வள்ளத்துக்குப் பாவிப்பது பொலியஸ்டர் ரெசின். உங்கள் பலகையின் உள்ளே பெரும்பாலும் வெள்ளை ரெஜிபோம். பொலியஸ்டர் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். எப்பொக்சி ரெசினை நீங்களே வாங்கிக் கொடுத்து, அதையே பாவிக்கச் சொல்லுங்கள். ஒட்டும் முன் உள்ளே போன தண்ணீர் முழுதாய் வடிந்து காய வேண்டும். வெடிப்புக் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பலகையை நிழலில் சில நாட்கள் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து தோல் உப்பும். வாகனத்திலும் விமானத்திலும் ஏற்றும்போது காற்று ஆணியை (பலகையின் உள்ளேயுள்ள காற்று வெளியேறும் துளையை மூடும் ஆணி) தளர்த்துவது அதற்காகத்தான். கடலில் இறங்கும் முன் அதை மறுபடி இறுக்கிவிட்டீர்களா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.